சிவப்புப் புள்ளிக்குக் கட்டிய கயிறு

எனக்குக் குடி கிடையாது. பீடி, சிகரெட், வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. லாரியில் கிளீனராக ஏறிய நாளிலிருந்து இவை எல்லாமே எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. நான் கையை நீட்டவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் மண்ணூரில் என் ஷெட்டில் இன்றைக்குப் பதினோரு பஸ் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனி வாசலில் ஷிப்ட் மாறினாலும் அங்கே என் வண்டி ஒன்றாவது நிற்கும் என்று சொன்னால், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். கொஞ்சம்தான்.

அப்படிப்பட்ட நான் இந்த வயதில் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு திரிகிறேன். எங்கள் ஊரில் அந்தக் கயிற்றைப் பார்த்தாலே அர்த்தம் தெரிந்துவிடும். "பெரியவரும் உள்ளுக்குள்ள ஊத்திக்கினுதான் இருந்துக்கீறாரு" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். பேசட்டும். என் மூத்த டிரைவர் ஒரு நாள் சாயங்காலம் பஸ் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தச் சாவியை மறுபடி அவன் கையில் கொடுப்பதற்காகக் கட்டிய கயிறு இது.

கயிற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைவிட அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதிகம். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பூசாரி அம்மன் எதிரில் நிறுத்தி, எதை விடுகிறாய், எவ்வளவு நாளைக்கு விடுகிறாய் என்று கேட்பார். சொன்னதும் மஞ்சளில் நனைத்த கயிற்றை மணிக்கட்டில் கட்டுவார். கெடு முடிவதற்குள் குடித்தே தீர வேண்டும் என்றால் திரும்பி வந்து, அம்மனிடம் சொல்லி, கயிற்றை அவிழ்த்து வாசலில் உள்ள சூலத்தில் கட்டிவிட்டுப் போகலாம். அந்தச் சூலத்தைப் பார்த்தால் எங்கள் வட்டாரத்தின் நிலவரம் தெரியும். இரும்பு கண்ணில் படாது.

பூசாரி கெட்டிக்காரர். ஆரம்பத்தில் "குடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்ல வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் போதையில் வந்து, "குடின்னா பிராந்தி சாமி. பீரு கூல்டிரிங்க்ஸ் கணக்கு" என்று வாதாடினானாம். அன்றிலிருந்து அவரே ஒவ்வொன்றாகச் சொல்ல, கட்டிக்கொள்கிறவன் திருப்பிச் சொல்ல வேண்டும். "பிராந்தி, விஸ்கி, ரம்மு, பீரு, சாராயம். கல்யாணத்துல குடுத்தாலும், சாவுல குடுத்தாலும், ஓசில குடுத்தாலும்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் நிறையப் பேருக்குக் குரல் உடையும்.

இந்தக் கோயிலுக்கு நான் கூட்டிக்கொண்டு போகாத டிரைவர் இல்லை. என்னிடம் வேலை கேட்டு வருகிறவனிடம் லைசென்ஸ் கேட்பதற்கு முன்னால் மணிக்கட்டைத்தான் காட்டச் சொல்வேன். கயிறு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் நிறுத்திவிடுவேன். வேதக்காரப் பையன்களைப் பாதிரியாரிடம் கொண்டுபோய்ச் சத்தியம் பண்ண வைப்பேன். எத்தனை குடும்பத்தில் விளக்கு ஏற்றி வைத்தேன் என்று நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

மூத்த டிரைவரும் அப்படி வந்தவன்தான். என்னிடம் ஒரே ஒரு வேன் இருந்த காலத்திலிருந்து கூட இருக்கிறான். முன்பு அவன் குடித்தால் வேனுக்கே ஏப்பம் வரும். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பூசாரி எவ்வளவு நாளைக்கு என்று கேட்டார். "சாவற வரைக்கும்" என்றான். பூசாரி, "யோசிச்சிச் சொல்லுப்பா" என்றார். "யோசிச்சா ஒரு மாசம்னுதான் சொல்வேன். கட்டு சாமி" என்றான். அந்தக் கயிறு நைந்து அறுந்து, புதிது மாற்றி, அதுவும் நைந்து, இன்னும் அவன் கையில் இருக்கிறது.

என் பஸ் ஒவ்வொன்றிலும் டிரைவர் சீட்டுக்கு மேலே சிவப்புப் பெயின்டில் மூன்று வரி இருக்கும். மூன்றும் என் சொந்தப் புத்தியில் உதித்தவை. நான் சொல்லச் சொல்லப் பெயின்டர் எழுதினான். 'குடித்துவிட்டு ஏறாதே. ஓட்டும்போது போன் பேசாதே. ஓனர் கூப்பிட்டால் உடனே எடு.' கம்பெனி அதிகாரிகள்கூட அதைப் படித்துப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒன்றையொன்று பார்த்து முறைக்கின்றன என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கும் படவில்லை.

அப்புறம் வந்ததுதான் ஜிபிஎஸ். ஸ்டாஃப் பஸ் அத்தனையிலும் அந்தப் பெட்டி இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் சொல்லிவிட்டன. எனக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது. என் டிரைவர்கள் எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒரகடத்திலிருந்து வந்த ஒரு பையன் பதினோரு பஸ்ஸிலும் ஏதோ மாட்டிவிட்டு, என் ஆபீஸ் ரூமில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, திறந்து காட்டினான். திரையில் எங்கள் ஊர் முழுக்க ரோடு ரோடாக விரிந்தது. அதில் குட்டிக் குட்டியாகப் புள்ளிகள்.

"பச்சைன்னா ஓடுது சார். மஞ்சள்னா இன்ஜின் ஓடுது, வண்டி நிக்குது. சிவப்புன்னா ஆஃப்" என்றான். "சிக்னல் வந்து சேரக் கொஞ்சம் லேட்டாகும். அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க."

பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் மனதில் நின்றன. கடைசியாகச் சொன்னது நிற்கவில்லை.

முதல் நாள் வேடிக்கைக்குத்தான் உட்கார்ந்தேன். ஒரு புள்ளி மெதுவாக ஊர்ந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிளீனராக இருந்தவன், லாரிக்குப் பின்னால் ஓடி ஓடி "வரலாம், வரலாம்" என்று கத்தியவன், இப்போது ஆகாயத்தில் உட்கார்ந்து பதினோரு பஸ்ஸை மேலேயிருந்து பார்க்கிறேன். சாமி இப்படித்தான் நம்மைப் பார்க்குமோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த உடனேயே எழுந்து போயிருக்க வேண்டும். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தாள். வெளியார் முன்னால் "வாங்க போங்க" என்பாள். வீட்டுக்குள் அந்தச் செலவெல்லாம் கிடையாது.

"இன்னாய்யா அப்டி பாக்கற? சினிமாவா ஓடுது?"

"பஸ்ஸு ஓடுது."

"பஸ்ஸு ஓடாம பறக்கவா செய்யும்? சோறு ஆறுது, வா."

"தோ, இது சிக்னலத் தாண்டட்டும்."

அது தாண்டியது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. அன்றைக்குச் சோறு ஆபீஸ் ரூமுக்கு வந்தது. அதற்கப்புறம் தினமும் அங்கேயேதான் வந்தது. திரைமேல் ரசம் தெறித்து, செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இன்னொரு ஏரி காய்ந்து கிடந்தது.

ஏரி என்றதும் ஞாபகம் வருகிறது. குன்றத்தூர்ப் பக்கம் போகிற பஸ் ஒரு நாள் ஏரிக்கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது புள்ளி ரோட்டை விட்டு விலகி நீலத்துக்குள் இறங்கியது. இறங்கி, சிவப்பாகி, அங்கேயே நின்றது. எனக்கு வேட்டி எங்கே, செருப்பு எங்கே என்று தெரியவில்லை. மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். போய்ப் பார்த்தால் கரையோரத்து டீக்கடையில் அந்த டிரைவர் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறான்.

"ஏன்டா, நீ ஏரிக்குள்ள கீறடா!" என்று கத்தினேன்.

அவன் குனிந்து காலைப் பார்த்தான். "நனையலியே ஓனரு?" என்றான்.

பெட்டியும் பொய் சொல்லும் என்று அன்றைக்கே நான் கற்றுக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மறுபடி அதன் முன்னால்தான் உட்கார்ந்தேன். அப்படி ஒரு பதைப்பு எனக்கு வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. தொழில் தானாக ஓடத் தொடங்கிய பிறகு எனக்குப் பதற ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. இது இப்போது யோசித்துச் சொல்வது. அன்றைக்கு, பொறுப்பாகத் தொழிலைக் கவனிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

தூண்டில் போடுகிறவனைக் கவனித்திருக்கிறீர்களா? போட்டதும் மீன் சிக்கினால் அவன் சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போவான். மீனே இல்லாத குட்டை என்றாலும் போய்விடுவான். எப்போதோ ஒன்று சிக்குகிறது பாருங்கள், அதுதான் அவனை இருட்டும்வரை உட்கார வைக்கும். எனக்குச் சிவப்புப் புள்ளிதான் மீன். நாள் முழுவதும் பச்சை பச்சையாகப் போகும். திடீரென்று ஒன்று சிவக்கும். உடனே போனைப் போடுவேன். "எங்கடா நிக்கற? ஏன் நிக்கற?" ரயில்வே கேட், பஞ்சர், ஒன்றுக்குப் போக இறங்கினேன் ஓனரு என்று ஏதாவது சொல்வார்கள். கொஞ்ச நாளில் சிவப்பு இல்லாவிட்டாலும் கூப்பிட ஆரம்பித்தேன். பச்சையாகவே போவதும் சந்தேகமாக இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இல்லாத நேரத்துக்கு என்ன செய்வது என்று அந்தப் பையனையே கேட்டு, போனிலும் அதைப் போட்டுக்கொண்டேன். பேரனுக்குக் காது குத்திய அன்று, குழந்தை கத்திய நேரத்தில் நான் பந்தலுக்குப் பின்னால் நின்று சுங்குவார்சத்திரத்துப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு பாத்ரூமுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

மற்ற டிரைவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஓட்டிக்கொண்டே காதில் வைத்துப் பேசினார்கள், இல்லாவிட்டால் "சிக்னல் இல்ல ஓனரு" என்றார்கள். மூத்த டிரைவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் எடுப்பான். "சொல்லுண்ணே" என்பான். "எங்க கீற?" என்றால், "வல்லம் ரோட்லதான் கீறேண்ணே" என்பான். எனக்குத் திருப்தியாக இருக்கும். போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பேன்.

அப்போதுதான் அவன் புள்ளி சிவக்கும்.

அதுவும் எங்கே? ஒயின்ஷாப் வாசலில்.

முதல் நாள் நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கூப்பிட்டேன். அவன் அப்போது இரண்டாம் ஷிப்டுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக்குப் போகிற நேரம். "ரோட்லதான் கீறேண்ணே." வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு. அதே இடம். எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ஓனர் கூப்பிட்டாகிவிட்டது, இனிமேல் கூப்பிட மாட்டான் என்ற தைரியத்தில் இறங்கிப் போய் ஒரு கட்டிங் போடுகிறான்! அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க உடனே இன்னொரு தடவை கூப்பிட்டேன். சிவப்பு இன்னும் கொஞ்சம் நீண்டது. பார்த்தீர்களா?

இதற்கு நடுவில் கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. அந்தப் பஸ் தொடர்ந்து தாமதமாக வருகிறது, பெண்களுக்கு 'லேட்' விழுகிறது, இப்படியே போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். தாமதம் ஆகிறது என்றதும் நான் என்ன செய்தேன்? இன்னும் அதிகமாகக் கூப்பிட்டேன். காலையில் தலைவலிக்கிறது என்று மறுபடி குடிக்கிறவனை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு கம்பெனியில் தொழிலாளர்களுக்கு அடிமைப் பழக்கம் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். குடியை விட வைப்பதில் எனக்கு இருக்கிற பேரைக் கேள்விப்பட்டு என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மேடையில் எனக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு மனநல டாக்டரம்மா. நான் முதலில் பேசினேன். மன உறுதி ஒன்று இருந்தால் போதும், என்னைப் பாருங்கள் என்று பேசினேன். நல்ல கைதட்டல்.

அப்புறம் டாக்டரம்மா பேசினார். அடிமையாவதற்குப் பாட்டில் தேவையில்லை என்றார். சூதாட்டம், கம்ப்யூட்டர், போன் எதுவும் அப்படிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பது மட்டும் கணக்கில்லை. பார்க்காத நேரத்திலும் அதே நினைப்பாக இருப்பது, நிறுத்தச் சொன்னால் எரிந்து விழுவது, மறைத்துச் செய்வது, வீட்டிலும் வேலையிலும் நஷ்டம் வந்த பிறகும் விட முடியாமல் போவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் யோசிக்க வேண்டும் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். மேசைக்கு அடியில் கையில் போன் இருந்தது. சரியாக அந்த நேரம். மூத்த டிரைவர் வல்லத்தை நெருங்கிக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் சொன்னேன். "அம்மா, நீங்க சொன்னது அத்தனையும் எங்க டிரைவர் ஒருத்தனுக்கு அப்படியே பொருந்துது."

"குடிக்கிறாரா? பார்த்தீங்களா?"

"குடிச்சதப் பாக்கல. புள்ளி செவந்ததப் பாத்தேன்" என்று போனைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன்.

அவர் புள்ளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஐயா, மேடையில உக்காந்திருந்தப்போ இதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தீங்க?"

"தொழிலும்மா. பாக்கணும்ல?"

"குடிக்கிறவங்களும் உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்னு சொல்வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். படித்தவர்களுக்கு நம் கஷ்டம் புரியாது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் நானே நேரில் போனேன். அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டே இருக்கும். ஒயின்ஷாப்புக்கு எதிர்ச்சாரியில், ஒரு லாரிக்குப் பின்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். இவ்வளவு சொத்து சேர்த்தவன் ஒயின்ஷாப் எதிரில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

போனில் அவன் புள்ளி பச்சையாக வந்துகொண்டிருந்தது. தூரத்தில் என் பஸ்ஸின் முகமும் தெரிந்துவிட்டது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றால் போதும். அதற்குத்தான் வந்தேன். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்த வேளை, கையில் போன், திரையில் புள்ளி. விரல் தானாகப் போய்விட்டது. கூப்பிட்டேன்.

ரோட்டில் பஸ் இண்டிகேட்டர் போட்டது. வேகம் குறைந்தது. லாரி, லாரி, லாரி, எங்கும் ஒதுங்க இடமில்லை. ஒயின்ஷாப்காரன் மட்டும்தான் தன் வாசலில் லாரி நிறுத்த விடுவதில்லை. அந்த ஒரே இடைவெளியில் பஸ் நுழைந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. டிரைவர் சீட்டை விட்டு அவன் எழுந்திருக்கவே இல்லை. போனைக் காதில் வைத்தான்.

"சொல்லுண்ணே" என்றது என் காது.

"எங்கடா கீற?"

"வல்லம் ரோட்லதான் கீறேண்ணே."

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்குக் கண்ணில் பார்ப்பதுகூடப் புரியாது. ரோட்டைத் தாண்டி ஓடி, பஸ்ஸில் ஏறி, முக்காட்டை உருவி, "வாய ஊதுடா!" என்று கத்தினேன். பஸ் நிறையப் பெண்கள், யூனிஃபார்மில். அவன் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து, என் முகத்துக்கு நேராக ஊதினான். சாம்பார் வாசனைதான் வந்தது.

முன் சீட்டிலிருந்த ஒரு பெண், தெற்கத்திப் பேச்சு, எழுந்து நின்றாள். "ஐயா, இந்தப் போன் பண்ணுத ஆளு நீங்கதானா?"

"நான் ஓனரும்மா."

"நல்லாருப்பிய. நீங்க கூப்பிட்டாத்தான வண்டி நிக்கி? அண்ணாச்சி ஓட்டுதப்ப போன் எடுக்க மாட்டாவ. மேல எழுதிப் போட்டிருக்குல்லா? இந்தக் கடை முன்னாலதான் நிப்பாட்ட இடம். குடிகாரப் பயலுவ எல்லாம் எங்களைப் பாத்து டாட்டா காட்டுதானுவ. நாங்க லேட்டாப் போயி வசவு வாங்குதோம்."

பின்சீட்டிலிருந்து எங்கள் பக்கத்துக் குரல் ஒன்று, "யக்கா, டைமாவுது. அவர எறங்கச் சொல்லு, இல்ல டிக்கெட் எடுக்கச் சொல்லு" என்றது. பஸ்ஸே சிரித்தது.

நான் தலையைத் தூக்கினேன். டிரைவர் சீட்டுக்கு மேலே என் சொந்தப் புத்தியில் உதித்த மூன்று வரியும் சிவப்பாக இருந்தன. பதினோரு டிரைவரில் மூன்றையும் ஒன்றாகக் கடைப்பிடித்தவன் இவன் ஒருத்தன்தான். அதனால்தான் நான் கூப்பிடும்போதெல்லாம் இவன் புள்ளி மட்டும் சிவந்தது. எனக்குச் சிக்னல் லேட்டாக வந்து சேர்ந்தது.

அவன் அந்த டிரிப்பை முடித்து, பெண்களை இறக்கி, முந்தைய ஷிப்டை ஏற்றி வீடுகளில் விட்டு, வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஆபீஸ் ரூமுக்கு வந்தான். என் மனைவியும் இருந்தாள். சாவியை மேசைமேல் வைத்தான்.

"வரேன் மொதலாளி."

வேன் காலத்திலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டவன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தப்பாப் பூடுச்சிடா" என்றேன்.

"தப்பு இல்ல. நீ என்ன கோயில்ல கட்ட வச்ச. நான் கட்டனேன். அதுக்கப்புறம் ஒர்த்தனும் என்ன ஊதிக் காட்டுன்னு கேட்டதில்ல, எம் பொண்டாட்டிகூட. இன்னிக்கி அம்மாம் பொண்ணுங்க முன்னாடி நீ கேட்ட." கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினான். "இத அவுக்காம நான் இருக்கணும்னா உங்கைல வேல செய்யக் கூடாது. நெஜமா சொல்றேன், இந்த மாசம் ரெண்டு தடவ அந்தக் கடையப் பாத்து எறங்கிடலாமான்னு இருந்துது. தெனம் அதும் வாசல்லயே நிக்க வச்சா நான் இன்னா பண்ணுவேன்?"

அவன் போய்விட்டான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் ஓடாதபோது என்ன செய்வேன்? திரும்பி, கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவன் பஸ் ஷெட்டில் சிவப்பாக நின்றது.

"இப்பவும் அத்தயே பாக்கற பாரு" என்றாள் என் மனைவி. அவள் கத்தவில்லை. "ஊருக்கெல்லாம் கயிறு கட்டி வுட்டியே. வர வெள்ளிக்கெழம நீ கட்டிக்கோ. அப்ப வருவான்."

"நானா? கயிறா? நான் இன்னா குடிகாரனா?"

"குடிகாரன்கூட சோறு துன்னும்போது க்ளாஸக் கீழ வெப்பான்."

சரி, கட்டிக்கொள்கிறேன் என்றேன். அவள்தான் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவன் நம்பவில்லை. "அண்ணன் கட்டட்டும். கட்டறத என் கண்ணால பாக்கணும்" என்றானாம்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். பூசாரி என்னைப் பார்த்ததும், "வாங்க பெரியவரே, இன்னிக்கி யார இட்டாந்தீங்க?" என்று எனக்குப் பின்னால் தேடினார்.

"எனக்குத்தான் சாமி."

வரிசையில் எனக்குப் பின்னால் கண் சிவந்து நின்ற ஒருவன் தோளைத் தட்டி, "வருத்தப்படாத நைனா. எந்தச் சரக்கு?" என்றான்.

"கம்ப்யூட்டரு."

"நம்ம கடைல வரலியே" என்று அவன் தனக்குப் பின்னால் நின்றவனைக் கேட்டான்.

பூசாரிக்கு விஷயத்தை விளக்கினோம். அவர் தாடியைத் தடவினார். கம்ப்யூட்டருக்கு இதுவரை கட்டியதில்லை என்றார். ஆனால் அம்மனுக்கு எல்லாம் ஒன்றுதான், சொல்லுங்கள் என்றார்.

"கம்ப்யூட்டர்ல புள்ளி பாக்க மாட்டேன்" என்றேன்.

என் மனைவி முன்னால் வந்தாள். "சாமி, இவுரு உஷாரு. ஒயுங்கா சொல்ல வெய்ங்க. கம்ப்யூட்டர்ல பாத்தாலும், போன்ல பாத்தாலும், அடுத்தவங்க போன்ல பாத்தாலும், பாத்ரூம்ல பாத்தாலும். டிரைவருங்கள எங்க கீறன்னு கேட்டாலும் சேத்தி."

பூசாரி சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். 'எங்க கீறன்னு கேக்க மாட்டேன்' என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்தது.

"எவ்ளோ நாளைக்கு?"

ஒரு மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நைந்த கயிறு. யோசிக்காமல், "ஒரு வருஷம்" என்றேன். அவனைப்போல் சாகிற வரைக்கும் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. இதை எழுதுவதற்குக்கூட எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்ததும் சாவியை நீட்டினேன். வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மொதலாளி என்றும் சொல்லவில்லை, அண்ணே என்றும் சொல்லவில்லை.

இப்போது கம்ப்யூட்டரை என் மனைவிதான் பார்க்கிறாள். காலையில் ஒரு தடவை, ஷிப்ட் மாறும்போது ஒரு தடவை. எல்லாம் ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீரை ஆயப் போய்விடுகிறாள். அவளுக்கு அது கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. அதே பெட்டி, அதே புள்ளி, அவளை ஒன்றும் செய்யவில்லை. இது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருக்கிறது.

முதல் சில வாரம் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கை போனைத் தேடியது. ஷெட்டில் நிற்கிற வண்டிகளின் டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தேன். மெக்கானிக் வந்து என் மனைவியிடம், "அண்ணி, ஓனருக்கு அந்தப் பொட்டியத் திருப்பிக் குடுத்துடுங்க, எங்களால முடியல" என்று அழுதான். டிரைவர்களைப் பார்த்தால் 'எங்கே' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். "சாப்ட்டியா?" என்று மாற்றிக் கேட்பேன். இவ்வளவு வருஷத்தில் நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர்கள் பயந்துபோனார்கள்.

ஒரு நாள் மத்தியானம், கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. மூத்த டிரைவர். இந்த நேரத்தில் அவன் ஓட்டிக்கொண்டல்லவா இருப்பான்? எடுத்தேன். 'எங்கடா கீற' என்பது நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நீ கேக்க மாட்ட" என்றான் அவன். "நானே சொல்லிடறேன். ஒயின்ஷாப்பு வாசல்ல கீறேன்."

அவனுக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நல்லாருக்காவளான்னு கேளுங்க அண்ணாச்சி" என்றது அந்தத் தெற்கத்திக் குரல்.

"ஓரம் கட்டிட்டுத்தான் பேசறேன், பயப்படாத. நீ கை கழுவற நேரமாச்சே. இத்தினி நாளா போனே வர்லியா, ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு இந்தப் பொண்ணுங்க ஒரே நச்சு. அதான்." கொஞ்சம் நிறுத்தினான். "நல்லாக்கீறயா அண்ணே?"

"நல்லாக்கீறேன்டா" என்றேன். "அதுங்களுக்கு லேட்டு உழப் போவுது. எட்றா வண்டிய."

"தோ, எட்த்துட்டேன்."

இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது. லைன் அறுந்தது. ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் திறந்துதான் இருந்தது, என் முதுகுக்குப் பின்னால். நான் திரும்பவில்லை. திரையில் அவன் புள்ளி இன்னும் சிவப்பாகவே இருக்கும். பச்சை வந்து சேரக் கொஞ்சம் லேட்டாகும்.